பாடநூல் ஒன்று, பள்ளி பலவா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் இரணியல் கடைத்தெருவில் எழும் முதற்கேள்வி, "எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு?" என்பதே. அப்பள்ளியின் வருவாய் என்ன, மாணவரை அஃது எவ்வாறு சேர்த்துக்கொண்டது என வினவுவார் இலர்.

தமிழ்ப் பெற்றோரே, இஃது அறமாகுமா? தனியார் பள்ளி கட்டணத்தால் வளர்கிறது. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடச் சுமை நிறுவனத்தின் தலையில். நிறுவனம் வலிதாயின் மாடி எழும். மெலிதாயின் ஓடு ஒழுகும். அரசுப் பள்ளியோ வாயில் தேடி வந்த எப்பிள்ளையையும் தள்ளாது. அரசின் நல்கையையே எதிர்நோக்கி நிற்கும். இம்மூவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டுப் பின்தங்கியவரைப் பழிப்பது நடுநிலையன்று.

1817-இல் இம்மண் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது, மக்கள் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டுமென அரசி கௌரி பார்வதிபாய் ஆணையிட்டார். அவ்வெண்ணமும், சமயத் தொண்டரும் ஊராரும் எழுப்பிய பள்ளிகளும் சேர்ந்தே குமரியை உயர்த்தின. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, குமரி மாவட்டத்திலோ 91.75, மாநிலத்தில் முதலிடம்!

அதே 2011-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்ப் பாடநூல் பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் வந்தது. நூல் சமமாயிற்று; ஆய்வகமும் நூலகமும் கழிப்பறையும் சமமாயினவா?

2022-இல் முன்னாள் மாணவரிடமும் நிறுவனங்களிடமும் பொருள் திரட்ட அரசு ஒரு திட்டம் கண்டது. அதன் பெயர் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'! பள்ளி என்னும் சொல் இருக்க ஸ்கூல் எதற்கு? பெயர்ப்பிழையினும் பெரிது பொருட்பிழை. செல்வர் பயின்ற பள்ளிக்குக் கொடை குவியும். கூலியாளர் பயின்ற பள்ளிக்கு யார் தருவர்? கொடை நன்றே, ஆயின் அரசின் கடமைக்கு அது மாற்றாகாது.

ஆகவே நாம் கேட்பன இரண்டு. தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும் அதே நாளில் ஒவ்வொரு பள்ளியின் வரவு செலவையும், நிரப்பப்படாத ஆசிரியர் இடங்களையும் வெளியிடுக. கொடை குறைந்த பள்ளிக்கு அரசின் நல்கையைக் கூட்டித் தருக.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தேர்ச்சிக் கணக்கைக் கேட்குமுன் பொருட்கணக்கைக் கேளுங்கள். பசித்தவன் மெலிவுக்குப் பசியைக் குறை கூறுக, பசித்தவனை அன்று!