அக்கா மகனுக்குக் கொடுத்த அடுப்பு

சென்ற டிசம்பரில் நானும் என் மனைவியும் குர்லா டெர்மினசில் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ஏறித் தலச்சேரியில் இறங்கினோம். கோயில் பார்க்கவோ கல்யாணத்துக்கோ போகவில்லை. ஒரு ரொட்டிக் கடையைப் பார்க்கப் போனோம். சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டிலும் சிரித்தார்கள்.

தலச்சேரி அரபிக்கடல் ஓரத்துச் சிறிய ஊர். 1956 வரை நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே மாம்பள்ளி பாபு என்பவர் 1880-இல் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். பர்மாவுக்குப் போய் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பியவர் அவர். 1883-இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்துத் துரை மர்டாக் பிரவுன் சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றைக் கொண்டுவந்து, 'இதைப்போல் செய்து தர முடியுமா?' என்று கேட்டாராம். பாபு அதைத் தின்று பார்த்தார். தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்து வாங்கினார். மசாலாப் பொருள்கள் மலபாரிலேயே கிடைத்தன. அருகிலுள்ள மாஹியில் பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி துரை சொல்லியிருந்தார். பாபுவோ முந்திரிப்பழமும் கதளிப்பழமும் ஊறவைத்து எடுத்த உள்ளூர்ச் சரக்கையே சேர்த்தார். துரைக்குப் பிடித்துப் போய், இன்னும் ஒரு டஜன் கேக் கேட்டாராம். குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு இது. இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று கேரளத்தில் கொண்டாடுகிறார்கள்.

முதலாவதா இரண்டாவதா என்ற வழக்கு எனக்கு வேண்டாம். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டாரிடமே அந்தக் கைத்தொழில் எப்படி நின்றது என்பதுதான் என் கேள்வி.

பாபுவுக்குப் பிறகு தொழிலைப் பெருக்கியவர் அவருடைய மகன் அல்லர், மருமகன் கோபால். மலபாரில் அன்று மருமக்கள்தாயம். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உரிமை சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பிறகு அந்தக் குடும்பத்தார் கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம் என்று பரவி, வேறு வேறு பெயர்களில் கடை வைத்தார்கள். பெயர்ப்பலகை மாறினாலும் கைப்பக்குவம் வீட்டை விட்டுப் போகவில்லை.

அந்தக் கடை வாசலில் பிளம் கேக் பொட்டலத்துடன் நின்றபோது எனக்கு என் அப்பா நினைவு வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்கு ஒரு சிறு மிட்டாய்க் கடை இருந்தது. அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் பிழிந்து, சுக்கும் ஏலமும் போட்ட கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பார் அப்பா. தராசு, கடிகாரம் எதுவும் கிடையாது. பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இழுத்துப் பார்ப்பார்; அவ்வளவுதான். நான் டிப்ளமா படித்து ரயில்வேக்கு வந்துவிட்டேன். தம்பி பாங்க் வேலைக்குப் போனான். அடுப்படியில் நின்றவன் என் அக்கா மகன் ஒருவன்தான். பதினெட்டு வயதில் அப்பாவுக்குச் சமமாகப் பதம் பார்ப்பான்.

1986-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. "கடையை நான் பார்த்துக்கிடுதேன் தாத்தா" என்று அவன் கேட்டான். "நீ உங்க அப்பன் வீட்டுப் பிள்ளைலா. இது மகன்மார் சொத்து" என்றார் அப்பா. அப்போது நான் லீவில் ஊருக்கு வந்து, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். 'கொடுங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடை இருந்த மனையில் எனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு வாயை அடைத்துவிட்டது. அடுத்த வருஷமே கடையை மூடினோம். மனை விற்ற பணத்தில் என் பங்கு எதற்குச் செலவானது என்று இன்று எனக்கே ஞாபகம் இல்லை. அந்த மிட்டாயின் ருசி மட்டும் ஞாபகம் இருக்கிறது. அக்கா மகன் லாரி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றான்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. மும்பைத் தமிழர்களாகிய நம் வீடுகளிலும் ஆளுக்கொரு பக்குவம் இருக்கிறது. ஒரு வீட்டில் அதிரசம், இன்னொரு வீட்டில் கைமுறுக்கு, வேறொரு வீட்டில் வடகம். கற்றுக்கொள்ள ஆள் இல்லையா? மராத்தி மருமகள் கேட்டால் 'உனக்கு வராதும்மா' என்கிறோம். பேரன் வந்து நின்றால் 'ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை' என்று விரட்டுகிறோம். பெண்ணுக்குச் சொல்லித் தரலாம் என்றால் அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். கடைசியில் தீபாவளிக்குச் சங்கத்தில் பட்சணம் ஆர்டர் கொடுத்து வாங்கி, 'அம்மா கை மணம் இல்லையே' என்று குறைப்படுகிறோம். 'இந்த ஊர் அரிசி சரியில்லை, வெல்லம் சரியில்லை' என்று சாக்கு வேறு. பாபு சீமைப் பண்டத்தை உள்ளூர்ப் பழத்தை வைத்துச் செய்துகாட்டினாரே!

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளிக்கு ஆர்டர் வேண்டாம். அதற்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கூடத்திலேயே அடுப்பு மூட்டுவோம். பக்குவம் தெரிந்தவர்கள் முன்னால் நிற்கட்டும். கற்க வருபவர் ஆணா பெண்ணா, தமிழா மராத்தியா, சொந்த மகனா அக்கா மகனா என்று யாரும் கேட்க வேண்டாம். முதல் நாள் பாகு முறுகினாலும் பரவாயில்லை.

அரிசி, உளுந்து, கருப்பட்டி என் செலவு. ஊரிலிருந்து என் அக்கா மகனையும் வரவழைக்கிறேன். பதம் பார்க்க அவன் விரல்கள் இன்னும் மறக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.