"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

சொந்தமாக ஒரு தளம் கட்டிய எவரும் முதல் வேலையாக அதன் முகவரியை நண்பர்களுக்கு அனுப்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். பதில் பெரும்பாலும் "சூப்பர்" என்றே வரும். நம் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? தளத்தைத் திருத்த அந்தப் பதில் எதற்கும் உதவாது. அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

திருநெல்வேலியில் படிக்கும் மாணவி ஒருவர் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் தமிழில் சொல்லித்தரும் தளம் ஒன்றை நடத்துகிறார். வெள்ளைப் பின்னணி, மேலிருந்து கீழாக எழுத்து, நடுநடுவே நிரல். படமோ விளம்பரமோ கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை. சாதாரண வலைப்பக்கமே 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்ட காலத்தில், பழைய போனிலும் கண்ணிமைப்பதற்குள் திறக்கும் பக்கத்தைத் தமிழில் தந்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

அவருக்கு "சூப்பர்"களுக்கு அடுத்தபடியாக வந்தவை யோசனைகள். லோகோ வை. டார்க் மோட் வை. முகப்பில் ஸ்லைடர் வை. ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து மெல்ல எழும்பி வரட்டும். ஏதாவது ஒன்றை எடுத்துவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை. மனித மனம் அப்படித்தான் ஓடுகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். லெகோ கட்டுமானம், கட்டுரை, பயணத் திட்டம் என எதைக் கொடுத்து மேம்படுத்தச் சொன்னாலும், மக்களுக்கு முதலில் தோன்றுவது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான். நீக்கலாம் என்ற எண்ணம் எளிதில் வருவதில்லை.

அதற்காக யோசனை சொன்னவரை ஒதுக்கிவிடவும் கூடாது. அவருக்கு எங்கோ இடறியிருக்கிறது. நோயைச் சொல்லத் தெரியாமல் மருந்தின் பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான். டார்க் மோட் கேட்ட தோழியிடம், "எந்த இடத்துல படிக்கக் கஷ்டமா இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது எழுத்தே தெரியவில்லை என்றாளாம். பார்த்தால், எழுத்தின் நிறம் #999. வெள்ளைப் பின்னணியில் அந்தச் சாம்பலுக்குக் கிடைக்கும் ஒளி வேறுபாடு 2.85 மடங்குதான், வலை அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. நிறத்தை #595959 ஆக்கினால் 7 மடங்கு கிடைத்துவிடும். டார்க் மோட் இல்லாமலே ஒற்றை வரி மாற்றத்தில் தீர்ந்தது.

பெரிய தளத்தில் இப்படி ஒரு குறை படங்களுக்கும் பட்டன்களுக்கும் நடுவே மறைந்துபோகும். எளிய தளத்தில் மறைய இடமில்லை. நிறம், எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே விடும் இடம், லிங்க் ஆகியவற்றைத் தவிர அங்கே வேறொன்றுமில்லை. ஒவ்வொன்றும் முழுப் பாரத்தைச் சுமக்கிறது. எளிமை என்றாலே வெளிர் சாம்பல் எழுத்து என்று ஆக்கிவைத்திருக்கும் வழக்கத்தின் மீது எனக்குக் கோபமே உண்டு. ஆங்கிலத்துக்கு எழுதிய அளவுகளை அப்படியே தமிழுக்குப் போடுவதும் அதே போன்ற கொடுமை. மேலே கொக்கியும் கீழே வாலும் கொண்ட நம் எழுத்துக்கு வரி இடைவெளி 1.5 போதாது, நான் 1.8க்குக் குறைய விடமாட்டேன்.

ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது பல மடங்கு மேல். முதலாமாண்டு மாணவன் ஒருவனிடம் போனைக் கொடுத்து, "ஒரு படத்தை லிங்க்கா மாத்தணும். இந்தத் தளத்தைப் பாத்துச் செஞ்சு காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள், பிறகு வாயே திறக்கக் கூடாது என்று அந்த மாணவியிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமலிருப்பதுதான் இதில் ஆகக் கடினமான பகுதி. அவன் தவறான இடத்தில் தேடும்போது, "கீழே பாரு" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

அன்றிரவு அவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அவன் லிங்கைத் தாண்டித் தாண்டிப் போறான். அது லிங்க்னே அவனுக்குத் தெரியலண்ணா." அழகுக்காக அடிக்கோட்டை எடுத்திருந்தார். நீலமும் அடிக்கோடும் 1993இன் மொசைக் பிரவுசரிலிருந்து கண்களுக்குப் பழகிய அடையாளம். அதை எடுத்தால் படிப்பவருக்கு வழி தெரியாது. அடுத்து, நீளமான நிரல் வரி ஒன்று திரையைவிட அகலமாகிப் பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் வழுக்கவைத்தது. நிரல் இருக்கும் பெட்டி மட்டும் நகரும்படி செய்தால் சரியாகிவிடும். மூன்றாவதை அவரோ நானோ எத்தனை முறை வாசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். பையன் உதாரணத்தைக் காப்பி செய்து ஒட்டினான். லிங்க் வேலை செய்யவில்லை. பாடத்தை வேர்டில் எழுதி எடுத்து வந்ததால், நிரலில் இருந்த நேர் மேற்கோள் குறிகள் எல்லாம் வளைந்த குறிகளாகியிருந்தன. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரவுசரோ வளைந்த குறியை முகவரியின் ஒரு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். "அக்கா, நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன் போல" என்றானாம் அவன். அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. கற்றுக்கொள்ள வந்த பிள்ளை, தளத்தின் பிழைக்குத் தன்னைக் குறை சொல்லிக்கொண்டு போய்விடுகிறான். வாட்ஸ்அப்பில் கருத்துக் கேட்டிருந்தால் அவனும் "சூப்பர்க்கா" என்றே அனுப்பியிருப்பான்.

இப்படி எத்தனை பேரை உட்காரவைப்பது? பயன்பாட்டு வல்லுநர் ஜேகப் நீல்சன் 2000இல் எழுதிய கணக்குப்படி 5 பேர் போதும்; பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 சதவீதம் அதற்குள் வெளிவந்துவிடும். பலரும் மறந்துவிடுவது அவர் சொன்ன மற்றப் பாதியை: 15 பேர் கிடைத்தால் ஒரேயடியாகக் காட்டாதே, ஐவருக்குக் காட்டித் திருத்து, பிறகு அடுத்த ஐவரிடம் போ.

எளிமையும் பிறரிடம் உதவி கேட்பதும் வலைக்குப் புதிதல்ல. உலகின் முதல் வலைத்தளமும் வலையைப் பற்றிய எளிய தளம்தான். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதியது. வெறும் எழுத்தும் லிங்க்குகளும். 2013இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. வலை என்றால் என்ன, நிரலை எங்கே பெறலாம் என்பவற்றோடு, நீங்கள் எப்படி உதவலாம் என்பதற்கும் அந்தப் பக்கத்தில் ஒரு லிங்க் உண்டு. பிறகு யோசனைகளும் வந்தன: 1993 பிப்ரவரியில், மொசைக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசென் பக்கத்துக்குள் படம் வைக்க ஒரு டேக் வேண்டும் என்று கேட்டார். அதுவும் 'சேர்' என்ற யோசனைதான். அது இல்லாத வலையை இன்று நினைக்கவே முடியவில்லை. ஆகவே எதைச் சேர்த்தாலும் கெடும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் படத்தின் தேவை எல்லோருக்கும் கண்கூடாக இருந்தது; ஸ்லைடருக்கு அப்படி ஒரு தேவையை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அடுத்த ஐவரில் ஒருவராவது பார்வையற்றவராக இருக்கட்டும் என்று அந்த மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அதைத் தொடங்கியவரே பார்வையற்ற ஆஸ்திரேலிய நிரலாளர்தான். எடிட்டர் தானாக நிரப்பித் தரும் தொடக்க வரிகளில் பக்கத்தின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் தமிழ்ப் பாடத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று அந்த மென்பொருள் திணறக்கூடும். தன் தளத்தில் அந்த வரியைத் தமிழ் என்று மாற்றியாகிவிட்டது என்கிறார். அது போதுமா, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடிகிறதா, நிரல் வாசிக்கப்படும்போது காதுக்குப் புரிகிறதா என்பதையெல்லாம் அப்படிப் படிக்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.