ஜாப் ஆர்டருக்குப் போகும் டிராயிங் யாருடையது?
(எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு)

கோவையில் ஒரு பம்ப்செட் முழுக்க ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. வார்ப்பு ஒரு ஃபவுண்டரியில், கடைசல் வேறொரு லேத் பட்டறையில், காயில் கட்டுவது இன்னோர் இடத்தில். இப்படிப் பிரித்துச் செய்வதுதான் இந்த ஊரின் பலம். ஒரு புது வடிவமைப்பு கடைக்கு வரும் முன்பே நாலு பேர் கை மாறுவதும் இதனால்தான். எங்கள் உறுப்பினர்களில் ஆர்டர் கொடுப்பவர்களும் உண்டு, எடுத்துச் செய்பவர்களும் உண்டு; இரண்டையும் செய்பவர்களே அதிகம். எனவே இது ஒரு தரப்புக்கான வக்காலத்து அல்ல.

நகல் என்றதும் பட்டறைக்காரர் மேல் பழி போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. கொட்டேஷனுக்காக ஐந்து பட்டறைகளுக்கு முழு டிராயிங்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒருவருக்கு மட்டும் ஆர்டர் கொடுக்கிறோம். மற்ற நால்வரின் போனில் அந்தப் படம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. விலை சொல்ல எடையும் வெளி அளவும் உலோகமும் போதும். இம்பெல்லரின் இறக்கை வளைவு எதற்கு?

டிராயிங் வெளியே போகும் முன் பதிவு விண்ணப்பம் போயிருக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் நிலைப்பாடு. பொருளின் தோற்றத்துக்கு வடிவமைப்புச் சட்டம், 2000 பத்து ஆண்டு பாதுகாப்பு தருகிறது. மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். சிறு நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இயங்கும் முறையில் புதுமை இருந்தால் காப்புரிமை, 20 ஆண்டு. எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பைத் தரலாம்.

"வரைந்தது நான், பதிப்புரிமை எனக்குத் தானாக வந்துவிடுமே" என்பவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படிக்க வேண்டும். வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. ஐம்பது என்பது நம் பட்டறைகளில் ஒரு நாள் வேலை.

பதிவுக்குள் அடங்காத நுணுக்கங்களுக்கு எழுத்தில் ரகசிய ஒப்பந்தம் வேண்டும். தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றுக்குத் தெர்மல் பேனல் செய்து தர அழைக்கப்பட்ட நிறுவனம், கையில் கிடைத்த டிராயிங்குகளை வைத்து அதேபோன்ற இயந்திரத்தைத் தானே தயாரித்தது. ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கில் 1987இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம்பிக் கொடுத்த தகவலைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அதற்காக, வேலை முடிந்து ஐந்து ஆண்டுக்கு இதே மாதிரிப் பொருளை யாருக்கும் செய்யக் கூடாது என்று இணையத்தில் கிடைத்த படிவத்தை நகலெடுத்து நீட்ட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் அது நிற்காது. நின்றாலும் நாங்கள் எதிர்ப்போம். அது ஒருவரின் பிழைப்பில் கைவைப்பது.

அதிகம் சண்டை வருவது இன்னோர் இடத்தில். "இந்த மூலையில் இப்படி ஊற்றினால் சுருங்கி ஓட்டை விழும், தடிமனை மாற்றுங்கள்" என்று ஃபவுண்டரி மேஸ்திரி சொல்கிறார். மாற்றிய பிறகுதான் வார்ப்பு உருப்படியாக வருகிறது. அந்த மாற்றம் யாருடையது? காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கோ, அவரிடம் எழுதி வாங்கியவருக்கோதான். ஆகவே மேம்பாட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்து எழுதி வாங்காதவரை அது செய்தவருடையது என்றே எங்கள் சங்கம் கருதும். ஆர்டர் கொடுக்கும் உறுப்பினர்கள் சிலருக்கு இது கசப்புதான்.

பேட்டர்னும் டையும் பணம் கொடுத்தவர் சொத்து. அவற்றில் உரிமையாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். ஆர்டர் முடிந்ததும் திரும்பி வர வேண்டும். பில் பாக்கிக்காகப் பேட்டர்னைப் பிடித்து வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், இழுத்தடிப்பவர் அறிவுச்சொத்து பற்றிப் பேசுவதைக் கேட்கவும் எங்களுக்குப் பொறுமை இல்லை.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள். பதிவு செய்த வடிவமைப்பைத் திருடியவரிடம் வழக்கமான நஷ்டஈட்டு வழக்குக்குப் பதிலாக நேரடியாக வசூலிக்கக்கூடிய தொகை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாது. நகலெடுப்பவர் இதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவார், உயர்த்த வேண்டும். அடுத்து, தொழில் ரகசியத்துக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தந்த 289ஆவது அறிக்கையில் ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்திருக்கிறது. அது சட்டமாகும்போது, தொழிலாளியின் கைத்திறனும் அனுபவமும் முதலாளியின் ரகசியமாகிவிடாது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இனி நகல் புகாரோடு வரும் உறுப்பினரிடம் சங்கம் மூன்றைக் கேட்கும்: விண்ணப்ப எண், கையெழுத்திட்ட ஒப்பந்தம், கடைசி பில்லுக்குப் பணம் கொடுத்த தேதி.