தம்பி மகள் தனியாகப் போய்வரட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

ஜெர்மனியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியதும் சில போட்டோக்கள் போட்டேன். "என்ன டீச்சர், 64 வயசுல முதுகுல பையா?" என்று பிள்ளைகள் கேட்டீர்கள். சந்தோஷம். உறவில் சிலர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என் தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அக்காதான் பொண்ணைக் கெடுக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

விஷயம் என்னவென்றால், தம்பி மகள் ஜெர்மனியில் ஆஹன் என்ற ஊரில் எம்.எஸ். முடிக்கப் போகிறாள். வயது 24. வேலையில் சேருவதற்கு முன் மூன்று வாரம் ரயிலிலேயே ஆஸ்திரியா, இத்தாலி, செக் நாடு என்று தனியாகச் சுற்றிவர ஆசைப்படுகிறாள். தங்குவது ஹாஸ்டல்களில். பணம் அவள் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்தது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். வரன் பார்க்கிற நேரம், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெர்மனிக்குப் புறப்படும்போது அவளைத் தடுக்கிற பொறுப்போடுதான் போனேன். "அக்கா, நீ நேர்ல பேசு. நீ சொன்னா கேப்பா" என்று தம்பி சொல்லி அனுப்பினான். நானும் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்: "அத்தை, நீங்க ஹாஸ்டலைப் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் தங்கிப் பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

34 வருடம் பிள்ளைகளிடம் "பார்க்காமல் எழுதாதே" என்று சொன்னவள் நான். என்ன பதில் சொல்ல முடியும்? என் மகன், "அம்மா, உனக்கு ஜெர்மன் தெரியாது, முட்டி வேற வலிக்குது" என்றான். ஏழு கிலோ பை, ஒரு பூட்டு, பருப்புப் பொடி, முட்டிக்குத் தைலம் இவற்றோடு டோர்ட்முண்டில் ரயில் ஏறினேன். கொலோன் நகரில் இரண்டு இரவு, ஆம்ஸ்டர்டாமில் மூன்று, பெல்ஜியத்தில் ப்ரூஜ் என்ற ஊரில் இரண்டு.

நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் பூட்டிய கேட், வார்டன், ஏழு மணிக்கு அட்டெண்டன்ஸ். அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. பயணிகள் தங்கும் மலிவான விடுதி. அறை வாடகை கிடையாது, கட்டில் வாடகைதான். ஓர் அறையில் நான்கு, ஆறு, எட்டு கட்டில்கள், ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக. நான் ஓர் இரவுக்குக் கொடுத்தது 28 யூரோவிலிருந்து 45 யூரோ வரை. அதே ஊர்களில் தனி ஓட்டல் அறை கேட்டபோது 100 யூரோவுக்கு மேல் சொன்னார்கள். பெண்களுக்கு மட்டுமான அறை பல இடங்களில் உண்டு. அறைக்குள் நுழைய உங்கள் பெயருக்குக் கொடுத்த கார்டு வேண்டும். ஒவ்வொருவருக்கும் லாக்கர், பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். நான் தங்கிய மூன்று இடங்களிலும் இரவு முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருந்தார்கள்.

சமையலறை பொது. சாப்பாட்டுப் பையில் பெயரும் தேதியும் எழுதி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஊரை விட்டுப் போகிறவர்கள் மிச்சமான அரிசி, பாஸ்தா, எண்ணெயை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். அங்கே தட்டுக் கழுவிய பையன்களைப் பார்த்தபோது நம் வீட்டுப் பையன்களை நினைத்துக்கொண்டேன். மேலே எதுவும் சொல்லவில்லை.

கொலோனில் ஆறு பெண்கள் உள்ள அறை. கொரியாவிலிருந்து வந்த கல்லூரிப் பெண், மெக்ஸிகோ நர்ஸ், என்னைவிட நான்கு வயது மூத்த போலந்துக்கார அம்மா. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லோர் காதிலும் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. எதற்கு என்று கேட்டேன். கொரியப் பெண் சிரித்துக்கொண்டே என் கட்டிலைக் காட்டினாள். குறட்டை! மாமா உயிரோடு இருந்தவரை பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

எல்லாம் நல்லது என்று சொன்னால் அது பொய். ஆம்ஸ்டர்டாமில் இரவு இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்த கும்பல் வராந்தாவில் கூத்தடித்தது. நான் கதவைத் திறந்து, "ஏய், என்ன சத்தம்!" என்றேன், தமிழில்தான். கப்சிப். எட்டாம் வகுப்பு எந்த நாட்டிலும் எட்டாம் வகுப்புதான். ப்ரூஜில் பெண்கள் அறை நிரம்பிவிட்டதால் ஆண்களும் பெண்களும் தங்கும் அறையில் இடம் போட்டிருந்தது. எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று ரிசப்ஷனில் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு வேறு அறை கொடுத்தார்கள். ப்ரஸ்ஸல்ஸில் ரயில் மாறும்போது ஒருவன் என் பையை ஒட்டியே இரண்டு பிளாட்பாரம் வந்தான். ஒரு கடைக்குள் நுழைந்து நின்றுகொண்டேன். போய்விட்டான். படபடப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

பயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் உறவினர்களே, ஒன்று கேட்கிறேன். 34 வருட சர்வீஸில் என்னிடம் வந்து அழுத பெண் குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திகூட தூர தேசத்துக்குத் தனியாகப் போய் அடிபட்டவள் இல்லை. தினமும் போகிற டவுன் பஸ், தெரிந்த தெரு, சில சமயம் தெரிந்த வீடு. அங்கெல்லாம் அவர்களை அனுப்பும்போது நாம் பயப்படவே இல்லையே!

இன்னொன்று. இதே தம்பியின் மகன் 2022-ல் பைக்கில் லடாக் போனான். பூசணிக்காய் சுற்றி, வண்டிக்கு மாலை போட்டு அனுப்பினோம். நானும் நின்று போட்டோ எடுத்தேன். அந்த மலைப்பாதையில் இல்லாத ஆபத்து வியன்னா ரயிலில் இருக்கிறதா?

"ஏதாவது ஒன்று நடந்தால் என்ன செய்வாய்?" என்று தம்பி கேட்கிறான். அப்பா கேட்கவேண்டிய கேள்விதான். என் பதில் இது. சொல்லிவிட்டுப் போகிற பெண், ஏதாவது நடந்தால் முதலில் வீட்டுக்குப் போன் செய்வாள். "ஃபிரெண்ட் வீட்டுக்குப் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போகிற பெண் நமக்குப் போன் செய்யமாட்டாள். வாயை மூடிக்கொண்டு தனியாகச் சமாளிக்கப் பார்ப்பாள். 24 வயதில், சொந்தப் பணத்தில், விசாவோடு அங்கே வாழ்கிற பெண்ணை இங்கிருந்து நாம் தடுக்க முடியாது. நம்மிடம் சொல்லாமல் போகத்தான் வைக்க முடியும்.

இனி இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம்.

ஹாஸ்டல் என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தது வியாபாரி அல்ல. நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் ரிச்சர்ட் ஷிர்மான். டோர்ட்முண்டிலிருந்து ஹாகனில் ரயில் மாறிப் போனால் ஆல்டெனா என்று ஒரு சின்ன ஊர், லென்னே ஆற்றங்கரையில். அங்கே வேலை பார்த்தவர். பிள்ளைகளை வகுப்பிலேயே அடைத்து வைக்கக்கூடாது, நடத்திக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்ற கொள்கை உள்ளவர். 1909 ஆகஸ்ட் 26 அன்று, ஆல்டெனாவிலிருந்து ஆஹன் நோக்கிப் பிள்ளைகளோடு நடந்து போகும்போது வழியில் பெரிய இடி மழை. ஆமாம், தம்பி மகள் படிக்கிற அதே ஆஹன்தான். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோலில் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்க, வாத்தியார் யோசித்துக்கொண்டே கிடந்தார். விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே கிடக்கின்றன, நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஊருக்கு ஊர் இப்படிப் படுக்க இடம் கொடுத்தால் என்ன?

முதலில் தன் பள்ளியிலேயே ஆரம்பித்தார். 1912-ல் ஆல்டெனா கோட்டையில் நிரந்தர விடுதி வந்தது. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர், எல்லா நாட்டு இளைஞர்களும் சந்தித்துப் பழக இடம் வேண்டும் என்று அப்போதே நினைத்தவர். 1932-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி உருவான சர்வதேச இளைஞர் விடுதிக் கூட்டமைப்புக்கு அவர்தான் தலைவர். 1936-ல் ஹிட்லர் அரசு அவரைப் பதவி விலக வைத்தது. இன்று ஹாஸ்டல்களில் பல தனியார் வியாபாரம்தான். ஆனாலும் அந்தப் பொதுச் சமையலறையும் கழுவிய தட்டும் ஒரு வாத்தியாரின் யோசனையிலிருந்து வந்தவை.

என் பயணத்தின் கடைசி நாள் ஆல்டெனா போனேன். கீழே ஊரிலிருந்து கோட்டைக்கு லிஃப்ட் இருக்கிறது, என் முட்டிக்கு நிம்மதி. அந்தப் பழைய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு மரக் கட்டில்கள், கனமான கட்டைகள். அங்கே நிற்கும்போது எனக்கு 1996 ஞாபகம் வந்தது.

அந்த ஜனவரியில் எங்கள் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புக்குச் சுற்றுலா. திருச்சி, தஞ்சாவூர், இரண்டு இரவு. பையன்களோடு ஐந்து பெண்களும் பெயர் கொடுத்திருந்தார்கள். லிஸ்ட் என் கையில். தலைமை ஆசிரியர் கேட்டார்: "பொம்பளைப் பிள்ளைங்களை எங்க படுக்க வைப்பீங்க டீச்சர்? பொறுப்பு யாரு?" பதில் சொல்ல வரவில்லை. சிவப்புப் பேனாவால் ஐந்து பெயரையும் அடித்தேன். அவர் அடிக்கவில்லை. நான் அடித்தேன். பையன்கள் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டு வந்தார்கள். பக்கத்து வகுப்பறை காலியாகத்தான் இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

"பெரிய கோயிலைப் பார்த்துட்டு வந்து கட்டுரை எழுதறேன்னு சொன்னேனே டீச்சர்" என்று ஒருத்தி வந்து நின்றாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான்.

எங்கே படுக்க வைப்பது என்ற அதே கேள்வி அந்த வாத்தியாருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவர் இடம் தேடினார். நான் பெயரை அடித்தேன்.

அந்த ஐந்து பேருக்கும் இப்போது 42 வயது இருக்கும். இரண்டு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடுங்கள் பிள்ளைகளே. உங்கள் பெண்கள் எங்காவது போகப் பெயர் கொடுத்தால், அதை அடிக்காதீர்கள்.

தம்பி மகளுக்கு நான் போட்ட கண்டிஷன்கள் இவை. புது ஊருக்குப் பகலில் போய்ச் சேர வேண்டும். பெண்கள் அறையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் உடம்போடு இருக்க வேண்டும், பணமும் கார்டும் இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும். இரவு ஒரு மெசேஜ், "வந்துட்டேன்" என்ற ஒரு சொல் போதும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசரத்துக்கு 112. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மனதுக்குச் சரியில்லை என்று பட்டால் மரியாதைக்காக அங்கே உட்கார்ந்திருக்காதே, எழுந்து வந்துவிடு. இந்தக் கடைசிப் பாடத்தை நாம் நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

போக விரும்புகிற மாணவர்களுக்கு: ஷெங்கன் டூரிஸ்ட் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இந்தியாவிலிருந்து போனால் ரயில் பாஸ் பெயர் யூரெயில். அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், 27 வயது வரை கட்டணம் குறைவு. சில ஹாஸ்டல்களில் வயது வரம்பு உண்டு, என்னையே ஓர் இடத்தில் வேண்டாம் என்றார்கள். படித்துப் பார்த்து புக் செய்யுங்கள். வசதி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். ஐரோப்பாதான் என்று இல்லை. தனியாக ஒரு தடவை தஞ்சாவூர் போய்வந்தாலும் அது பயணம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் விஷயம். தனியாக மூன்று வாரம் ஊர் சுற்றினாள் என்பதற்காக வேண்டாம் என்கிற வீடு, நாளைக்கு அவளை எதற்கெல்லாம் வேண்டாம் என்று தடுக்கும்? அது முன்கூட்டியே தெரிந்தால் நமக்கு லாபம்தானே தம்பி?

முடிவு உன்னுடையது, உன் மகளுடையது. ஆனால் நீ என்னை எதற்கு அனுப்பினாயோ அதை என்னால் செய்ய முடியவில்லை. பார்க்காதபோது தடுக்க முடிந்தது. பார்த்துவிட்டு வந்தபிறகு முடியவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தம்பிக்குப் போன் செய்யவேண்டாம், இங்கேயே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன், சாயந்தரம் கொஞ்சம் தாமதமாகும், பேரன் வீடியோ காலில் வருகிற நேரம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்