புத்தகத்தில் இருக்கிறது என்றால் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் பேத்தியின் பகடை விளையாட்டில் வந்த பஞ்சாயத்தைப் பற்றிப் போன வாரம் இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். "விதின்னா விதிதான் டீச்சர், எழுத்துல உள்ளதுதான் செல்லும்" என்று வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவர் பதில் போட்டார். "ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவா மதினி?" என்று கொழுந்தனார் கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவார்கள். ஒருவர் மட்டும் 'டிஎம்'. கதை சொல்வது அவர், அரக்கர்களை ஆட்டுவிப்பது அவர், நடுவரும் அவரே. சண்டை வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். மகன் வீட்டுக்கு வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பாதி விதி மனப்பாடம்.

நடந்தது இதுதான். என் பேத்திக்குப் பதின்மூன்று வயது. எட்டு மாதமாக ஒரு மந்திரக்காரியாக ஆடி வந்தாள். அன்று எதிரி மாயமாய் மறைந்து நின்று தாக்கினான். மறைந்தவரைக் காணும் மந்திரம் ஒன்று உண்டு. இவள் தன் முறையை அதற்கே செலவழித்தாள். எதிரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டான். அடுத்த முறை நெருப்பை ஏவினாள். பகடையில் 17 விழுந்தது. 13 வந்தாலே போதும். துள்ளிக் குதித்தாள்.

"இன்னொரு தடவை உருட்டு. ரெண்டுல சின்னதைத்தான் எடுக்கணும்" என்றான் டிஎம். மாடி வீட்டுப் பையன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நல்ல பிள்ளைதான். அடுத்து 5 விழுந்தது. தாக்குதல் வீண். எதிரி திருப்பி அடித்தபோது அவன் இரண்டு பகடையில் பெரியதை எடுத்துக்கொண்டான். இவள் வீழ்ந்தாள். பிழைக்க உருட்டிய பகடை மூன்று முறை பத்துக்குக் கீழே விழுந்தது. பாத்திரம் செத்தது. மூன்று வாரமாக அவள் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

பையன் காட்டிய விதி பொய்யில்லை. அவர்கள் ஆடுவது 2014 பதிப்பு. 'மறைந்த நிலை' என்பதற்கு அதில் இரண்டு குறிப்புகள். ஒன்று, மந்திர உதவியோ தனிப் புலனோ இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இரண்டு, அவரைத் தாக்குபவருக்குப் பாதகம், அவர் தாக்கினால் சாதகம். 'பார்க்க முடிந்தவருக்கு இது பொருந்தாது' என்று இரண்டாவது குறிப்பில் எழுதவில்லை. ஆகவே பார்த்தாலும் பாதகம் பாதகம்தான் என்பது அவன் வாதம். இன்னொன்றும் காட்டினான். எதிரி மேல் ஒளி படரச் செய்யும் வேறொரு மந்திரத்தில், மறைந்திருப்பதன் பலன் கிடைக்காது என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அங்கே சொன்னவர்கள் இங்கே சொல்லவில்லை என்றால் வேண்டுமென்றுதானே விட்டிருக்கிறார்கள்? கெட்டிக்காரத்தனமான வாதம். வக்கீல் தம்பிக்குப் பிடிக்கும்.

ஆனால் அதே புத்தகத்தில், காணும் மந்திரத்தின் விளக்கத்தில், மறைந்தவரை மறையாதவரைப் போலவே பார்ப்பாய் என்ற கருத்து தெளிவாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இலக்கைத் தாக்கினால் பாதகம் என்ற பொது விதியும் இருக்கிறது. அந்தப் பாதகத்தின் காரணமே தெரியாமைதான். காரணம் போனபின் தண்டனை மட்டும் எதற்கு? நன்னூலில் முப்பத்திரண்டு உத்திகள் உண்டு. அதில் ஒன்று 'உய்த்துணர வைப்பு'. எல்லாவற்றையும் நூலாசிரியர் எழுதமாட்டார், முன்பின் பார்த்துப் படிப்பவர் உணர்ந்துகொள்ள வேண்டும் என்று பொருள். தம்பி, நீ படித்த சட்டத்திலேயே 1584-ஆம் ஆண்டு ஹெய்டன் வழக்கு இருக்கிறதே! எந்தக் குறையை நீக்க இந்தச் சட்டம் வந்தது என்று கேட்டுப் பொருள் கொள்ளச் சொன்ன வழக்கு.

கணக்கையும் பாருங்கள், கணக்கு டீச்சர் விடமாட்டேன். 13 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால், ஒரு பகடையில் வாய்ப்பு 20-இல் 8, அதாவது 40 சதவீதம். இரண்டு உருட்டிச் சிறியதை எடுத்தால் இரண்டுமே தேற வேண்டும், 16 சதவீதம். ஒரு முறையைச் செலவழித்து மந்திரம் போட்டவளுக்கும், போடாமல் குத்துமதிப்பாக எறிபவருக்கும் அதே 16 என்றால், சண்டையில் அந்த மந்திரத்தால் என்ன பயன்?

"பெரியவங்களே சொல்லிட்டாங்க பாட்டி" என்று பையன் போனை நீட்டினான். விதிகளை வடிவமைத்த ஜெரமி கிராஃபர்ட் டுவிட்டரில் ஆட்டக்காரர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லி வந்தவர். ஆனால் அப்படிப்பட்ட பதில்கள் ஆலோசனைதான், அதிகாரபூர்வத் தீர்ப்பு அல்ல என்று விளையாட்டை வெளியிடும் நிறுவனமே பின்னால் அறிவித்துவிட்டது. 2024-இல் வந்த திருத்தப் பதிப்பில், உன்னை எப்படியாவது பார்க்க முடிந்தவரிடம் உனக்கு இந்தச் சலுகை இல்லை என்று சேர்த்தும்விட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் வரப் பத்து வருடம் ஆயிற்று. அதுவரை மேசையில் இருந்தவர்கள்தானே முடிவு செய்திருக்க வேண்டும்?

இது இன்றைய சண்டை இல்லை. பிரஷ்ய ராணுவத்தில் 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பகடை, அட்டவணை, நடுவர் எல்லாம் அதில் உண்டு. நாளாக ஆக விதிகள் பெருத்துப் போயின. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். எழுத்தா, நடுவரா என்ற வழக்குக்கு வயது நூற்றைம்பது.

நான் எழுத்துக்கு எதிரி இல்லை. குழந்தை அழுகிறாள் என்று விதியை மாற்றினால் அது விளையாட்டே இல்லை. செத்த பாத்திரத்தை எழுப்பித் தா என்று நான் கேட்கவும் இல்லை. என் கோபம் வேறு. பகடை விழுந்தபிறகு தீர்ப்புச் சொன்னானே, அதுதான் கோபம். தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன்களுக்குக்கூட அது தெரியும். 'மதிலைத் தாண்டினா அவுட், ஒன் பிட்ச் கேட்ச் உண்டு' என்று டாஸுக்கு முன்பே பேசிவிடுவார்கள். அவள் மந்திரம் போடும்போதே "இதனால் பாதகம் போகாது, வேறு ஏதாவது செய்கிறாயா?" என்று கேட்டிருந்தால் அவள் தப்பி ஓடியிருக்கலாம்.

அதைவிடப் பெரியது ஒன்று. பேத்தி நோட்டில் எல்லாம் எழுதி வைப்பாள். புரட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு இவர்கள் கூட்டத்துத் திருடன் மறைந்து போனான். மறைந்ததைக் காணும் கண்ணுடைய அரக்கன் ஒன்று அவனை ஒற்றைப் பகடையில், எந்தப் பாதகமும் இல்லாமல் அடித்திருக்கிறது! அரக்கனுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா? பையன் வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டான். மறப்பவர்கள்தான் தீர்ப்பை எழுதி வைக்க வேண்டும்.

கொழுந்தனாருக்கு இப்போது பதில். ஏன் இவ்வளவு என்று கேட்டீர்களே?

பல வருடம் முன்பு ஒரு காலாண்டுத் தேர்வு. '2-க்கும் 20-க்கும் இடையில் உள்ள இரட்டை எண்கள் எத்தனை?' ஒரு பையன் 4 முதல் 18 வரை வரிசையாக எழுதிக் காட்டி, 8 என்று போட்டிருந்தான். விடைக்குறிப்பில் 10. நான் தப்புப் போட்டேன். "இடையிலன்னா ரெண்டும் இருபதும் சேராதுல்ல டீச்சர்?" என்று கேட்டான். அவன் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனாலும் "குறிப்புல பத்துதான் இருக்கு, போய் உட்காரு" என்றேன். ஒரு மார்க்தான். ஆனால் அந்த வருடம் முழுவதும் அவன் என் வகுப்பில் கை தூக்கவில்லை. விடைக்குறிப்பு எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. அந்தப் பையன் நீட்டிய போனில் நான் பார்த்தது அந்தக் குறிப்பைத்தான். நீ இதைப் படிக்கிறாய் என்றால், தம்பி, உன் விடை சரி.

ஆகவே நடுவர் நாற்காலியில் உட்காரும் எல்லோருக்கும் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பகடை உருளும் முன் தீர்ப்பைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து அரக்கனுக்கும் அதே தீர்ப்பைப் போடுங்கள். பிறகு அது தவறென்று தெரிந்தால், தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் மரியாதை குறையாது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

நேற்று அந்த நோட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பையனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "நானே அவகிட்ட பேசுறேன் பாட்டி" என்றான். இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்