சீனியில்லாத தயிர் எங்கே?

கேமரன் மலையில் பாலைத் தயிராக்குவது அவ்வளவு சுலபமில்லை. ஈப்போவிலோ கிள்ளானிலோ இரவு படுக்கப் போகும் முன் காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றி மூடி வைத்தால் போதும். விடிந்ததும் சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர் தயார். கோலா தெர்லாவில் அதே பாலை அதே மாதிரி மூடி வைத்தால் காலையில் அது பாலாகவே இருக்கும். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு சேரும் அந்தச் சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கேமரன் மலையின் சராசரி வெப்பநிலையே 18 பாகை செல்சியஸ் அளவுதான். இரவில் இன்னும் இறங்கும்.

தயிரை உண்டாக்குபவை இரண்டு நுண்ணுயிர்கள். ஒன்றின் பெயர் லாக்டோபேசிலஸ் பல்கேரிக்கஸ், இன்னொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். முதலாவதை 1905இல் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் தம் நாட்டுத் தயிரில் கண்டுபிடித்தார். பெயர் அப்படி வந்ததுதான். இரண்டுக்கும் 40 முதல் 45 பாகைச் சூடு பிடிக்கும். ஒன்றுக்கொன்று தீனி கொடுத்துக்கொண்டு பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலம் ஏற ஏறப் பாலின் புரதம் கட்டிப்படும். குளிர் கண்டால் இரண்டும் சுருண்டு படுத்துவிடும். மலைநாட்டு வீடுகளில் தயிர்ச் சட்டியைத் தடித்த துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைப்பதும், அணைந்த அடுப்பின் ஓரத்தில் வைப்பதும் இதனால்தான். பாட்டிமார்களுக்கு நுண்ணுயிர்களின் பெயர் தெரியாது. ஆனால் சுண்டுவிரலைப் பாலில் விட்டு, சுட வேண்டும், ஆனால் பொறுக்க வேண்டும் என்று அவர்கள் பார்த்த பக்குவம் ஏறக்குறைய அந்த 45 பாகைதான்.

இன்று அந்தச் சட்டி பல வீடுகளில் காணாமல் போய்விட்டது. மாடு வளர்த்த தோட்டக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கோலா தெர்லா, திரிங்காப், கம்போங் ராஜா பக்கமெல்லாம் மலைச்சரிவுகளை நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் மூடியிருக்கின்றன. சைக்கிளில் வந்து வாசலில் மணியடித்த பால்காரரும் இல்லை. அந்த இடத்துக்குக் கடைக் குளிர்பெட்டி வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் மனம் சங்கடப்படும். ஸ்ட்ராபெரி, மாம்பழம், புளூபெரி என்று வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் தயிர்க் கிண்ணங்களுக்கும், பிள்ளைகள் குடிக்கும் குட்டிப் புட்டிகளுக்கும் நடுவே, சீனி போடாத வெறும் தயிர் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். சின்னக் கடைகளில் அதுவும் இருக்காது.

இது ருசி சம்பந்தப்பட்ட சண்டை மட்டுமல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நின்றவர்கள் இந்தியர்கள். தமிழர் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளையே இருக்காது. தாத்தாவுக்கோ அத்தைக்கோ அது இருந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில், உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கும் கிண்ணத்தின் வழியாகவே சீனி உள்ளே நுழைவதுதான் பொறுக்க முடியாத விஷயம். இனிப்புத் தேநீர் குடிப்பவருக்குத் தாம் சீனி சாப்பிடுகிறோம் என்பது தெரியும். பழத்தயிர் வாங்கும் தாய்க்கு அது தெரிவதில்லை.

கணக்கு கடினமில்லை. சீனி சேர்க்காத வெறும் தயிரிலும் 100 கிராமுக்கு நான்கு, ஐந்து கிராம் சர்க்கரை இருக்கும். அது பாலிலேயே உள்ள லாக்டோஸ். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சேர்த்த இனிப்பு. ஒரு கிண்ணத்தின் முதுகில் ‘ஜும்லா கூலா’ (மொத்தச் சர்க்கரை) என்ற வரியில் 100 கிராமுக்கு 13 கிராம் என்று போட்டிருந்தால், அதில் எட்டு கிராம் வெளியிலிருந்து வந்தது. 120 கிராம் கிண்ணத்தை முழுதாகச் சாப்பிட்டால் சேர்த்த சீனி மட்டும் பத்து கிராமுக்கு ஒட்டி வரும், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, ஒரு நாளுக்குச் சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை. அது பெரியவர்களுக்கான அளவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2017இல் சுகாதார அமைச்சு ஆரோக்கியமான தேர்வுக்கான சின்னத்தைக் கொண்டுவந்தது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. பால் கலந்த பானங்களுக்கு 100 மில்லிலிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை என்பது எல்லை. ஆனால் அந்த வரி குடிக்கும் பானங்களுக்கு. கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் தயிர்க் கிண்ணம் அந்த வலையில் விழாது. எத்தனை தேக்கரண்டி சீனி என்பதைக் கிண்ணத்தின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் முதல் பானங்களின் முகப்பில் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். மலேசியாவில் தயிர்க் கிண்ணத்துக்கும் அதுபோல ஒன்று வந்தால், அவசரமாகச் சாமான் வாங்குகிற தாய் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. சீனிக்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இதையும் கையில் எடுக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கேமரன் மலை ஸ்ட்ராபெரி விளையும் இடம். பிரிஞ்சாங் பக்கம் சுற்றுலா வருபவர்கள் கூடையோடு பறிக்கிறார்கள். அதே மலையில் உள்ள கடையில் செயற்கை வாசனையும் நிறமும் ஏற்றிய ‘ஸ்ட்ராபெரி’ தயிர் விற்கிறது. ஸ்ட்ராபெரிப் பழத்தில் 100 கிராமுக்கு ஐந்து கிராம் அளவுக்குத்தான் இயற்கைச் சர்க்கரை. நாலு பழத்தை நறுக்கிக் கட்டித் தயிரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் பழச்சாறு இறங்கித் தயிர் இளஞ்சிவப்பாகும். புளிப்பும் இனிப்பும் நாவில் ஒன்றையொன்று துரத்தும். இதற்கு மேல் சீனி கேட்கும் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கொடுத்தாலும் கடைக் கிண்ணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

காய்கறிக்கும் பஞ்சமில்லை. தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் தக்காளியும் முட்டைக்கோசும் இந்த மலையிலிருந்துதான் லாரி லாரியாக இறங்குகின்றன. வெள்ளரிக்காயையும் கேரட்டையும் துருவி, தயிரில் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் பச்சடி. சாப்பாட்டுத் தட்டில் கறியின் எண்ணெயையும் காரத்தையும் தாங்கிக்கொள்ள அது ஒன்று போதும்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. உள்ளடக்கப் பட்டியல் நீளமாக இருந்தால் சந்தேகப்படலாம். பால், தயிர் நுண்ணுயிர், இவ்வளவுதான் தயிருக்குத் தேவை. பால்மாவைச் சேர்ப்பதும் கட்டியாக வருவதற்காகத்தான், குற்றமில்லை. பட்டியலில் அதிக எடையுள்ள பொருள் முதலில் வரும். பாலுக்கு அடுத்து ‘கூலா’ நின்றால் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிடலாம். நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். பன்னாட்டு உணவுத் தரநிர்ணயம் தயிருக்கு வைத்திருக்கும் அளவு, கெடு தேதி வரைக்கும் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி உயிர்கள். தயிரான பிறகு மறுபடி சூடாக்கிய வகைகளில் அவை செத்துப்போயிருக்கும். நீண்ட நாள் கெடாது, அவ்வளவுதான். சோதனை செய்ய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வாங்கிய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான பாலில் விட்டுப் பார்க்க வேண்டும். உறைந்தால் உயிர் இருக்கிறது.

உயிரோடு இருப்பதால் என்ன லாபம்? தென்னிந்திய வழிவந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குறைகிறது. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். உயிருள்ள தயிர் நுண்ணுயிர்கள் லாக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சோதித்து ஒப்புக்கொண்டது. வேறு பல விளம்பர வாக்குறுதிகளை அந்த ஆணையம் நிராகரித்திருக்கிறது என்பதால் இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்னொன்றை அனுமதித்தது: வாரத்துக்கு இரண்டு கப் தயிராவது சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று அட்டையில் எழுதலாம், ஆனால் அதற்கான சான்று குறைவு என்பதையும் கூடவே எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியை விளம்பரக்காரர்கள் விழுங்கிவிடக் கூடாது. தயிர் மருந்தல்ல. இனிப்பு நீர் உள்ளவர் தயிரை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

குளிர் மலையில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்ற பேச்சும் உண்டு. சளி வைரஸால் வருவது. சட்டியில் இருந்து வருவதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற தயிர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அரை மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிடலாம், அல்லது மோர்க்குழம்பாக்கிக் கொள்ளலாம். கொதித்தால் நுண்ணுயிர் சாகும், ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும்.

மலேசியத் தமிழருக்குத் தயிர் விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. மலாய் மொழியில் ‘தைரு’ என்றே ஒரு சொல் இருக்கிறது. தமிழ்த் தயிர்தான் அது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மலாய்க்காரரும் சீனரும் ரசத்துக்கு அடுத்து ‘தைரு’ கேட்பதை யாரும் பார்க்கலாம். 2023 மார்ச்சில் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தயிர்ப் பொட்டலங்களில் ‘தஹி’ என்று அச்சிடச் சொன்னபோது, தமிழ்நாட்டின் ஆவின் மறுத்தது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எதிர்த்தார், சில நாட்களிலேயே ஆணையம் இறங்கி வந்து ‘தயிர்’ என்றும் போடலாம் என்றது. சொல்லுக்காக அவ்வளவு தூரம் எழுந்து நின்ற சமூகம், அந்தச் சொல்லுக்குரிய பொருள் சீனிப் பாகாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில், கோயில் அன்னதானத்தில், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பொட்டலப் பானத்துக்குப் பதிலாக நீர்மோர் கொடுக்கலாம். இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு; செலவும் கொஞ்சம்தான்.

வீட்டில் சட்டியை மீண்டும் எடுக்க நினைப்பவருக்கு மலையில் சில யோசனைகள் உதவும். பாலை நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்தால் தயிர் கெட்டியாக வரும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், லிட்டருக்கு இரண்டு கரண்டி உறை. சமவெளிக்கு ஒன்று போதும், இங்கே கூடுதலாக வேண்டும். ஐஸ்பெட்டிக்குள் சட்டியை வைத்துப் பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி ஒன்றை வைத்து மூடினால் ஆறேழு மணி நேரத்தில் உறைந்துவிடும். முதல் முறை இளகலாக வந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கலாம், ஆனால் பொழுதோடு கேட்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு தயிர் கொடுக்க மாட்டார்கள்.