கடையில் மீன் தொட்டி வைக்குமுன் மோட்டாரைக் கவனியுங்கள்



நமது ஆரணியில் பட்டுக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று பல இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டியைக் காண்கிறோம். வாஸ்துவுக்கு நல்லது என்பார் சிலர். நம்புகிறவர்கள் நம்பட்டும். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதுவரை பிள்ளைகள் அழாமல் தொட்டியின் முன்னே நிற்கிறார்கள். வியாபாரத்திற்கு இது பெரிய உதவி. ஆகவே தொட்டி வைப்பதைக் குறை கூற நாம் வரவில்லை. தொட்டியில் தண்ணீரைச் சுற்றவைக்கும் மோட்டாரை வாங்குவதில் காட்டும் அலட்சியத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

எங்கள் கடைத் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஃபில்டர் பெட்டி கீழே அலமாரிக்குள் இருந்தது. பெட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். தொட்டியில் மிகுந்த தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். ஒரு மாதத்திற்குள் ஒன்பது தங்க மீன்கள் செத்தன. "கடைக்கு வந்த திருஷ்டி மீனோடு போயிற்று, விடுங்கள்" என்று ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பி இரண்டு முறை புது மீன் வாங்கி விட்டோம். மூன்றாவது முறைதான் புத்தி வந்தது.

மோட்டார் அட்டையில் மணிக்கு 1000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. தொட்டியில் வந்து விழும் குழாயைப் பத்து லிட்டர் வாளிக்குத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தோம். வாளி நிறைய 90 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 400 லிட்டர். ஆயிரம் எங்கே, நானூறு எங்கே!

விற்றவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அட்டையை மறுபடியும் படித்தோம். பொய் ஒன்றும் எழுதவில்லை. 1000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே தள்ளும்போது கிடைக்கும் அளவு. அதன் கீழே சின்ன எழுத்தில் "ஹெட் 1.8 மீட்டர்" என்று இருந்தது. அந்த உயரத்திற்கு ஏற்றினால் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவே, உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறையும். எங்களுக்குத் தேவைப்பட்டது நான்கு அடி, அதாவது 1.2 மீட்டர் ஏற்றம். வாங்கும்போது நாங்களும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. நஷ்டம் மீனுக்கு.

ஆகவே மோட்டார் வாங்கும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியின் நீள, அகல, உயரத்தை அடியில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் தொட்டிக்கு 191. மணல், கல், மேலே விடும் இடம் கழித்தால் சுமார் 160 லிட்டர் தண்ணீர். நல்ல தண்ணீர் மீன்களுக்கு மணிக்கு நான்கு முறையாவது தொட்டித் தண்ணீர் முழுவதும் ஃபில்டரைச் சுற்றி வருவது நல்லது. அப்படியானால் 640 லிட்டர் வேண்டும். நான்கு அடி ஏற்றத்தில் இது கிடைக்க, அட்டையில் 2000 லிட்டர், ஹெட் 2 மீட்டர் என்று போட்ட மோட்டார் தேவை. பஞ்சில் அழுக்கு சேர்ந்தாலும், குழாய் ஒடுக்கமாகவோ வளைவாகவோ இருந்தாலும் இன்னும் குறையும்.

இதற்கு மாற்று வழியும் உண்டு. ஃபில்டர் பெட்டியைத் தொட்டியின் மேலேயே வைத்துவிட்டால் ஏற்றம் அரை அடிதான். ஹெட் என்பது தண்ணீர் மட்டத்திலிருந்து கணக்கிடுவது. மோட்டார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் வராது. அப்போது 1000 லிட்டர் மோட்டாரே போதும். மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 35 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 50 யூனிட். 15 வாட் என்றால் 22 யூனிட்டுக்குள். கடைக் கட்டணத்தில் இது சிறிய வித்தியாசம் அல்ல. அதற்காக, பெரியதாக வாங்கினால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ஃபைட்டர் மீன் வேகமான ஓட்டத்தில் நீந்த முடியாமல் சோர்ந்துவிடும்.

மீன்கள் சாக இன்னொரு காரணமும் இருந்தது. அது முழுக்க எங்கள் தவறு. இரவு கடையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது நம் வழக்கம். ஜவுளி உள்ள இடத்தில் அது நல்ல வழக்கம்தான். ஆனால் தொட்டி மோட்டாரும் அதோடு நின்றுபோகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதைக் கேடு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில்தான் வாழ்கின்றன. அவற்றுக்கும் காற்று வேண்டும். பத்து மணி நேரம் ஓட்டம் நின்றால் அவை நலிந்துபோகும். காலையில் சுவிட்சைப் போட்டவுடன் பெட்டியில் தேங்கிய கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் பாய்கிறது. வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும்.

ஆகவே தொட்டிக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அதில் பொருத்த வேண்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கீழே பெட்டி வைத்தவர்கள், மின்சாரம் நின்றால் மேல் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கி வழியாதபடி, தொட்டிக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டு, பெட்டியிலும் போதிய இடம் விட வேண்டும். பட்டுக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது நமக்குத் தெரியாததா? இதற்கெல்லாம் செலவு செய்ய மனமில்லை என்றால் தொட்டி வைக்காமல் இருப்பதே மேல்.

இப்பொருளை விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்திற்கும் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து சரக்கு எடுப்பவர்கள் மோட்டாரை லிட்டர் கணக்கில் மட்டும் எடுக்காமல், ஹெட் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று கேட்டு எடுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பதும் இதைத்தான். வாடிக்கையாளர் வந்தால், "ஃபில்டர் மேலேயா, கீழேயா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவர் பணத்தையும் மீனையும் காப்பாற்றும். உங்கள் கடைக்கு அவரைத் திரும்ப அழைத்து வரும்.

புவிசார் குறியீடு பெற்ற பட்டு நம் ஊர்ப் பட்டு. பட்டு அசலா என்று வாங்குபவர் அறிய 2004இல் சில்க் மார்க் முத்திரையும் வந்தது. சரிகையை உரசிப் பார்க்காமல் நம்மில் யாரும் வாங்குவதில்லை. புடவையில் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை ஒரு சிறிய மோட்டாரிலும் எதிர்பார்ப்பது தவறாகாது. அட்டையில் உள்ள பெரிய எழுத்தைக் காட்டி விற்பது வியாபாரம். சின்ன எழுத்தையும் படித்துக் காட்டி விற்பது நாணயம். அடுத்த முறை மீன் செத்தால் திருஷ்டி என்று சொல்லி முடித்துவிடாமல், ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதே எமது தாழ்மையான வேண்டுகோள்.